ஆறாவது கார்



முந்தாநாள் நாங்கள் போட்ட படத்துக்கு வந்த கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. அதனால் ஒரே பதிவாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். மழையும் விடுவதாக இல்லை, ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

படத்தில் இருந்தது ஒரு சின்ன மினி கார். சிவப்பு உடல், வெள்ளைக் கூரை, கதவில் 37 என்று இலக்கம். மகனின் உள்ளங்கையில் நிற்கிறது. "எவ்வளவு?", "எங்க எடுத்த?", "எங்கட பொடியனுக்கும் ஒன்று எடுக்கலாமா?" என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர். கூடுதலானவர்கள் கேட்டது வேறு. "மாஷா அல்லாஹ், ஸ்கொலர்ஷிப் பாஸா?" கேட்காமலே வாழ்த்துச் சொன்னவர்கள் எட்டுப் பேர். ஒருவர் கேக் படமும் போட்டிருந்தார்.

பாஸ் இல்லை. வெட்டுப்புள்ளிக்கு ஏழு புள்ளி குறைவு. வாழ்த்துகளை அழிக்கவும் மனமில்லை, அப்படியே விடவும் மனமில்லை. இரண்டு நாளாக அந்தப் படத்துக்குக் கீழே நாங்கள் ஒன்றும் எழுதாமல் இருந்தது அதனால்தான்.

"நாங்கள்" என்று ஏன் எழுதுகிறோம் என்றால், வீட்டில் இருவர். ஒருவர் பதினாறு வருஷமாக ஐந்தாம் தரத்துக்குப் படிப்பிக்கிறவர். உங்களில் பலருடைய பிள்ளைகளுக்கு அவர் சேர். மற்றவர் அந்தச் சேரைத் திருத்துகிறவர். இந்தப் பதிவையும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

முதலில் கார் விஷயம். ஸ்லொட் கார் என்பது கையால் தள்ளி விளையாடுகிற காரும் இல்லை, ரிமோட் காரும் இல்லை. பிளாஸ்டிக் பாதைத் துண்டுகளை ஒன்றோடொன்று கொழுவி ஒரு வட்டமாக்க வேண்டும். பாதையின் நடுவே ஒரு பிளவு ஓடும், அதுதான் ஸ்லொட். பிளவின் இரு பக்கமும் இரண்டு உலோகத் தண்டவாளம். காரின் அடியில் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, அது பிளவுக்குள் இறங்கிக் காரைப் பாதையில் வைத்திருக்கும். நாக்கின் இரு பக்கமும் செம்புக் கம்பிப் பின்னல், அது தண்டவாளத்தில் உரசிக் கரண்டை எடுத்து மோட்டருக்குக் கொடுக்கும். கையில் இருக்கும் கொன்ட்ரோலரின் விசையை அமுக்க அமுக்க வேகம் கூடும். விஞ்ஞானப் புத்தகத்தில் இறையோதற்று என்று ஒன்று வருமே, பழைய கொன்ட்ரோலருக்குள் இருப்பது அதுதான். ஸ்டியரிங் கிடையாது, பிரேக் மிதியும் கிடையாது. ஒரு விரல்தான். "இதில என்ன பெரிய வேல?" என்று நினைப்பீர்கள். முதல் வளைவில் கார் பறந்துபோய்க் கதிரைக்குக் கீழே கிடக்கும்போது விளங்கும்.

இதைப் பெருமளவில் வீடுகளுக்குள் கொண்டுவந்தது இங்கிலாந்தின் ஸ்கெலெக்ஸ்ட்ரிக். பிரெட் பிரான்சிஸ் என்பவர் தகரத்தில் சாவி கொடுத்து ஓடும் ஸ்கெலெக்ஸ் கார்களைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். 1957இல் அதற்கு மின்சாரம் கொடுத்தார், ஸ்கெலெக்ஸோடு எலெக்ட்ரிக் சேர்ந்து அந்தப் பெயர் வந்தது. இன்றைக்கும் பெரும்பாலான கார்கள் உண்மைக் காரின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. பத்தடி நீளமான மினி, மூன்றே முக்கால் அங்குலமாக எங்கள் மகனின் கையில் நிற்பது அந்தக் கணக்கில்தான்.

கல்முனைப் பக்கத்தில் இந்தப் பைத்தியம் எப்படி வந்தது என்று கேட்டால், கட்டாரில் இருக்கும் மச்சானால் வந்தது. 2018 கடைசியில் லீவில் வந்தபோது ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தார். டோஹாவில் ஒரு ஆங்கிலேயக் குடும்பம் நாடு திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றிருக்கிறது. அவர் வாங்கப் போனது ஒரு மைக்ரோவேவ் அடுப்பு, வாங்கி வந்தது இது. உள்ளே பதினாறு பாதைத் துண்டு, இரண்டு கொன்ட்ரோலர், ஒரு நீல சுபாரு, ஒரு வெள்ளை போர்ட். மருமகனுக்கு என்று சொன்னார். மருமகனுக்கு அப்போது ஐந்து வயது. முதல் ஒரு மாதம் அதைத் தொட விட்டது யார், தொட விடாமல் தானே விளையாடியது யார் என்ற விவரத்துக்குள் போக வேண்டாம் என்று திருத்துகிறவர் சொல்கிறார்.

நாலு மாதம் கழித்து 2019 ஏப்ரல். அதைப் பற்றி இந்த ஊருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. வீடு வீடாகச் சோதனை நடந்த கிழமையில், அலுமாரிக்கு மேலே வயரும், ட்ரான்ஸ்போமரும், விசை வைத்த கறுப்புக் கைபிடி இரண்டும் உள்ள ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நாங்கள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. எறிவதா, புதைப்பதா, அடுப்பில் போடுவதா? எறிந்தால் எறிந்ததை யாராவது எடுத்தால் என்ன செய்வது? கடைசியில், ஹோலின் நடுவில் பாதையைப் பூட்டி, கார் இரண்டையும் மேலே வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தோம். வந்தவர்களில் ஒரு இளம் சிப்பாய் குனிந்து பார்த்து "மே மொகத?" என்றார். "செல்லம் கார் மஹத்தயா" என்றோம். ஓட்டிக் காட்டச் சொன்னார். கை நடுங்கியதில் நீல சுபாரு முதல் வளைவிலேயே பறந்து அவருடைய சப்பாத்தில் போய் இடித்தது. அவர் சிரித்துவிட்டார். அதை எடுத்துத் திரும்பப் பாதையில் வைத்ததும் அவர்தான்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் சும்மா ஒரு விளையாட்டுச் சாமானாக இருக்கவில்லை.

கடலுக்கும் எங்கள் வளவுக்கும் முக்கால் கிலோமீட்டர்தான். உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்பதுபோலத் தண்டவாளத்தையும் தின்னும். மூன்று மாதம் விட்டால் பாதை முழுக்க மண்ணிறப் பொட்டு, கார் விக்கல் எடுத்தது மாதிரி ஓடும். கடுதாசி கேட்டால் மிக மெல்லிய எமரிக் கடதாசி, அதுவும் கூடாது, பூச்சு போய்விடும். பேனை மை அழிக்கிற கடின றப்பர்தான் சரி. பதினாறு துண்டையும் உட்கார்ந்து தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க ஒரு பின்னேரம் போகும். மகன் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய வருஷத்திலேயே அந்த வேலையையும் பழகினான். வட்டத்தின் தூரப் பக்கத்தில் கார் களைத்துப்போகும் என்பதைக் கண்டுபிடித்ததும் அவன்தான். துண்டுக்குத் துண்டு மூட்டில் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோகிறது. தொடக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேரே இரண்டு வயர் இழுத்து ஒட்டினோம். சரியாகிவிட்டது.

2022இல் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போனது ஞாபகம் இருக்கும். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை, இரவில் வெளிச்சமும் இல்லை. பழுதான கம்பியூட்டர் யூபிஎஸ் ஒன்றிலிருந்து 12 வோல்ற் பெட்டரியைக் கழற்றி, நடுவில் ஒரு பியூஸ் போட்டு, பாதைக்குக் கொடுத்தோம். பாதைக்குத் தேவையானதும் ஏறக்குறைய அதே 12 வோல்ற்தான். ஒரு டோர்ச் லைட்டைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டோம். பக்கத்து வளவுப் பிள்ளைகள் எல்லாம் இஷாவுக்குப் பிறகு எங்கள் ஹோலில்தான். பெட்டரி இறங்க இறங்கக் கார் மெதுவாகும், மெதுவானால் யாரும் வளைவில் விழமாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் வெல்லத் தொடங்குவது பெட்டரி சாகிற நேரத்தில்தான். வெளியே இருந்து கேட்டால் கல்யாண வீடு மாதிரிச் சத்தம்.

அந்தக் காலத்துக்குள் கார் ஐந்தாகியிருந்தது. ஒரு மஞ்சள் பீட்டில், பின்சிறகு உடைந்த ஒரு அஸ்டன் மார்ட்டின், ஒரு போர்ட் ஜிடி40. எல்லாம் பாவித்தவை, மச்சானும் மச்சானின் கூட்டாளிகளும் அங்கே இங்கே தேடி எடுத்தவை. மகன் சப்பாத்துப் பெட்டி ஒன்றை வெட்டிக் கார்களுக்குக் கராஜ் செய்தான். கராஜில் ஆறு அறை.

ஆறாவது அறை ஏன் என்று கேட்கத் தேவையில்லை. பக்கத்து வளவில் மாமரத்துக்குக் கீழே ஒரு ஒஸ்டின் மினி நிற்கிறது. பஸ் ஓட்டி ஓய்வெடுத்த காக்காவுடையது. சுனாமித் தண்ணீர் குடித்த கார், அன்றிலிருந்து ஓடவில்லை, விற்கவும் அவருக்கு மனம் வரவில்லை. நான்கு வயதிலிருந்து மகன் அந்தக் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் போய்வருகிறான். நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்தில் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் நடக்கும், அதில் முன்பு மினிகள் ஓடின என்று காக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறார். மிச்சத்தை மகன் போனில் தேடிக்கொண்டான். 1964இல் மொன்டே கார்லோ றாலியை பெடி ஹொப்கேர்க் என்பவர் 37ஆம் இலக்க மினி கூப்பர் எஸ்ஸில் வென்றது, 1071 சீசீ எஞ்சினோடு வீ8 போர்ட் பல்கனுக்கு முன்னால் வந்தது, எஞ்சின் அளவைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுகிற விதியும் அதற்கு உதவியது, 1966இல் மூன்று மினிகள் முதல் மூன்று இடத்தில் வந்தும் முன் லைட் விதிப்படி இல்லை என்று மூன்றையும் நீக்கிவிட்டது, எல்லாம் அவனுக்குப் பாடம். இந்த ஞாபகசக்தி வரலாற்றுப் பாடத்தில் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இனித்தான் கதை.

போன வருஷம் அவன் நாலாம் தரம் முடிக்கும்போது பாதையைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினோம். "சோதினை முடியட்டும்." உங்கள் வீடுகளிலும் நடந்திருக்கும். சிலர் டீவியைக் கழற்றினீர்கள், சிலர் சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டீர்கள். அதோடு நாங்கள் நிற்கவில்லை. ஒரு கடதாசியில் "வெட்டுப்புள்ளி எடுத்தால் மினி" என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். மகனையும் கையெழுத்துப் போடச் சொன்னோம். பத்து வயதுப் பிள்ளையின் கையெழுத்து, பெயரை அப்படியே எழுதிக் கீழே ஒரு கோடு.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கக் கூடாது. வருஷா வருஷம் பெற்றோர் கூட்டத்தில் எங்கள் சேர் சொல்வதுதான் இது. "பிள்ளைக்கு விருப்பமான ஒன்றைச் சொல்லி வையுங்கள், உற்சாகமாகப் படிக்கும்." பதினாறு வருஷமாகச் சொல்லியிருக்கிறார். சைக்கிள், டெப், கொழும்புப் பயணம். எடுத்த பிள்ளைகள் வகுப்புக்கு வந்து காட்டும். எடுக்காத பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன நடந்தது என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்கிற கேள்வி என்று அது தோன்றவுமில்லை.

செப்டம்பரில் மச்சான் லீவில் வந்தார். சாமானைத் தருவித்து மாதக்கணக்கு ஆகிறது, அதனால் முன்கூட்டியே வாங்கச் சொல்லியிருந்தோம். எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு: இலங்கைக் காசில் இருபதாயிரத்தைத் தொட்டது. நெருக்கடிக்கு முதல் கட்டார் ரியால் ஐம்பத்தைந்து ரூபாவுக்குக் கிட்ட இருந்தது, 2023இல் தொண்ணூறுக்குக் கிட்ட. பழைய விலைக்குப் பன்னிரண்டாயிரத்தில் முடிந்திருக்கும். ஆசிரியர் சம்பளத்தில் இது சின்னக் காசு இல்லை, இரண்டு மாதமாகப் பிரித்துத்தான் மச்சானுக்குக் கொடுத்தோம். புத்தம் புதிது, பெட்டியோடு. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் புதுக் கார் அது. கல்யாணச் சாறிப் பெட்டிக்குள் வைத்து அலுமாரியின் மேல்தட்டில் ஒளித்தோம்.

ஒக்டோபர் 15 சோதினை. நவம்பரில் பெறுபேறு.

பெறுபேறு வந்த அன்று மஃரிபுக்குப் பிறகு எங்கள் போன்கள் இரண்டும் நிற்கவில்லை. சேருடைய வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் எடுத்திருந்தார்கள். அந்த ஒன்பது வாப்பாமாரும் உம்மாமாரும் நன்றி சொல்ல எடுத்தார்கள், சொல்லி முடித்ததும் ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்வி: "உங்கட மகன் என்ன எடுத்தார் சேர்?" ஒரு பிள்ளைக்குப் பாராட்டுச் சொல்லிக்கொண்டே தன் பிள்ளையின் புள்ளியைச் சொல்வது எப்படி என்று யாரும் ஆசிரியர் கலாசாலையில் படிப்பிக்கவில்லை. நாலாவது போனுக்குப் பிறகு திருத்துகிறவர் இரண்டு போனையும் வாங்கிச் சமையலறை மேசையில் கவிழ்த்து வைத்தார். மகன் அப்போது ஹோலில் தங்கச்சிக்கு ஒரு படத்துக்குக் கலர் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அழவில்லை. சாப்பிட்டான். தூங்கினான்.

அடுத்த நாள் பிரிட்ஜ் கதவில் அந்தக் கடதாசி இல்லை. நாங்கள் எடுக்கவில்லை.

பிறகு எங்களுக்குள் சண்டை. சத்தமில்லாத சண்டை, பிள்ளைகள் தூங்கின பிறகு. கொடுத்தால் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு, அடுத்த தடவை எதைச் சொன்னாலும் நம்புவானா என்று ஒருவர். அவன் வருஷம் முழுக்கப் படித்தது உங்களுக்குத் தெரியாதா, ஏழு புள்ளிக்காகப் படிக்காத பிள்ளை ஆகிவிட்டானா என்று மற்றவர். யார் எதைச் சொன்னது என்பதை நீங்கள் நினைக்கிறபடி நினைக்காதீர்கள், ஒவ்வொரு இரவும் ஆள் மாறியது. ஓஎல் வரைக்கும் வைப்போம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. ஆறு வருஷம்! மச்சானின் மகனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று இன்னொன்று. சந்தியில் பெனர் கட்டத் தொடங்கியிருந்தார்கள், எடுத்த பிள்ளைகளின் முகத்தோடு. கடைக்குப் போக மகன் பின் ஒழுங்கையால் சுற்றிப் போகிறான் என்று காக்கா வந்து சொன்னார்.

டிசம்பரில் மாரி பிடித்தது. லீவும் விட்டாயிற்று. கட்டிலுக்குக் கீழே தண்ணீர் வருமோ என்ற பயத்தில் சாமான்களை இழுத்தபோது பாதைப் பெட்டியும் கராஜும் வெளியே வந்தன. கராஜின் ஆறாவது அறையைக் காணவில்லை. அறையின் வாயில் ஒரு கார்ட்போட் துண்டு, அளவாக வெட்டி, சுற்றிவர டேப் ஒட்டி, மற்றச் சுவரோடு சுவராகக் கறுப்புப் பென்சிலால் கீறலும் போட்டிருந்தான். அங்கே ஒரு அறை இருந்தது என்று தெரியாதவருக்கு இது ஐந்து கார்களுக்குச் செய்த கராஜ்தான். பெட்டியின் அடியில் பிரிட்ஜ் கடதாசி, நாலாக மடித்து.

நாங்கள் இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

மகனைக் கூப்பிட்டுச் சாறிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தோம். அவன் திறக்கவில்லை. "மினிதானே" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"பாத்தன். முசல்லா எடுக்கப் போனப்ப. சோதினைக்கு முதல்."

"பாத்திட்டு ஏன் ஒன்றும் சொல்லல்ல?"

"சொல்லி என்ன செய்ற? நான் எடுக்கோணுமே." கொஞ்ச நேரம் கழித்து, "எடுக்கல்லயே" என்றான். பெட்டியைத் திரும்ப நீட்டினான்.

சோதினை நாளில் அந்தப் பிள்ளை மண்டபத்துக்குள் வினாத்தாளை மட்டும் கொண்டு உட்காரவில்லை. சாறிப் பெட்டிக்குள் இருப்பது போகுமா வருமா என்பதையும் கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். உற்சாகத்துக்காக நாங்கள் கட்டிவிட்டது அது. வெட்டுப்புள்ளி நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று என்று எங்கள் சேருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பதினாறு வருஷமாக ஒவ்வொரு வகுப்பிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, இல்லாமல் போகிற ஒரு சாமானை ஆசை காட்டச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு நடந்த பெற்றோர் இதை வாசித்தால், அது பிழையான ஆலோசனை. வருகிற வருஷக் கூட்டத்தில் அதைச் சொல்லமாட்டார். அன்றைக்கு எடுக்காமல் விட்ட பிள்ளைகள் இப்போது சிலர் ஏஎல் படிக்கிறார்கள், சிலருக்கு மீசையும் வந்துவிட்டது. அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறோம்.

மகனிடம் அவ்வளவும் சொல்லவில்லை. "அந்தக் கடதாசிய எழுதினது எங்கட பிழை" என்று மட்டும் சொன்னோம். "இது சோதினைக்கு இல்ல. நம்மட பாதைக்கு ஆறாவது கார். வாப்பாவும் ஓட்டுவார், உம்மாவும் ஓட்டுவா, தங்கச்சியும் ஓட்டுவா." அவன் யோசித்தான். "அப்ப முதல் தங்கச்சி ஓட்டட்டும்" என்றான். அதை அவன் ஒரு நிபந்தனையாகச் சொன்னான், நாங்கள் ஒத்துக்கொண்டோம். தங்கச்சிக்கு ஆறு வயது. விசையைக் கடைசிவரை அமுக்கினாள். மினி மூன்றாவது வளைவில் எழும்பி, கூரை குப்புற விழுந்து, பக்கக் கண்ணாடி ஒன்று தெறித்துக் கதவோரம் போனது. இருபதாயிரம் ரூபாய்க் கார், பெட்டியிலிருந்து வெளியே வந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை. நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நவம்பருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டோம்.

மினி ஓட்டக் கஷ்டமான கார், வாங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்து வாங்குங்கள். ஜிடி40 நீளம், பதிவு, வளைவில் பாதையோடு ஒட்டிக்கொண்டு போகும். மினி குட்டை, உயரமும் கூட, வளைவில் சாயப் பார்க்கும். அடியில் ஒரு காந்தம் இருக்கிறது, தண்டவாளத்தை இழுத்துப் பிடிக்க. பழகும்வரை அதைக் கழற்ற வேண்டாம். புதுக் காரின் செம்புப் பின்னல் தட்டையாக ஒட்டிக் கிடக்கும், அதை மெதுவாக விரித்துக் கொஞ்சம் கீழே வளைத்துவிட வேண்டும். டயரில் பக்டரிப் பளபளப்பு இருக்கும், ஒட்டுகிற டேப்பின் மேல் உருட்டி எடுத்தால் பிடிப்பு வரும். இதையெல்லாம் மகன் ஒரு பின்னேரத்தில் செய்து முடித்தான். பிறகு பத்துச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று போனில் பார்த்து எழுதத் தொடங்கினான். முதல் நாள் 71 செக்கன், இரண்டு தடவை விழுந்து. நேற்று இரவு 58, விழாமல். நீல சுபாரு 49 எடுக்கும். மினியால் அதைப் பிடிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் மினியைத்தான் எடுக்கிறான். எங்கள் சேரின் வேகம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

கராஜில் ஒட்டியிருந்த கார்ட்போட்டை அவன் கழற்றிவிட்டான். டேப் இழுத்த இடத்தில் பெட்டியின் மேல்தாளும் உரிந்து வந்து, அந்த அறையின் வாய் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. நாங்கள் கலர் அடித்துத் தரவா என்று கேட்டோம். இருக்கட்டும் என்றான்.

படத்தை எடுத்தது அதற்குப் பிறகுதான். ஆகவே வாழ்த்துச் சொன்ன எட்டுப் பேருக்கும் ஜஸாக்கல்லாஹ், வாழ்த்தைத் திரும்ப எடுக்க வேண்டாம், காருக்கு என்று வைத்துக்கொள்கிறோம். எடுத்த ஒன்பது பிள்ளைகளுக்கும் எங்கள் துஆ எப்போதும் உண்டு, அதில் ஒரு குறையும் இல்லை.

லீவு முடியும்வரை பாதை ஹோலில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எடுத்த பிள்ளை, எடுக்காத பிள்ளை, இனி எழுதப்போகிற பிள்ளை எல்லாரும். கொன்ட்ரோலர் இரண்டுதான், வரிசையில் நிற்க வேண்டும். செருப்பை வாசலில் விடுங்கள், மண் பாதைக்குள் போனால் மோட்டர் கெட்டுவிடும். புள்ளி எவ்வளவு என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, இது வீட்டுச் சட்டம், போட்டது மகன். மினியைக் கேட்டால் கொடுப்பான். ஆனால் மூன்றாவது வளைவில் விசையை விட்டுவிடுங்கள். மிச்சம் இருப்பது ஒரு கண்ணாடிதான்.